நாலு மணியிலேயே நின்ற கோயில்

புளியம்பழத்தின் ஓட்டை நொறுக்கி உதறிவிட்டு, நாரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, பழத்தைக் கல்லின்மேல் படுக்க வைத்து, சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. மெல்லத் தட்டினால் கொட்டை வராது, ஓங்கித் தட்டினால் கொட்டை உடைந்து பழத்தோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு தட்டு இருக்கிறது, அது கைக்குத்தான் தெரியும், அந்தத் தட்டில் கொட்டை தானாக எகிறிப் போய் முறத்தில் விழும். காலையிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் மல்லப்பனூரில் மாசி, பங்குனி இரண்டு மாசமும் பெண்கள் எல்லாருக்கும் இதுதான் வேலை. மண்டிக்கார ராஜவேலு அண்ணன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து களத்தில் கொட்டுவார், நாங்கள் முப்பத்தொரு பேர் உட்கார்ந்து தட்டுவோம். இப்போது மேலே பச்சை வலை கட்டியிருக்கிறது, வலையின் நிழல் நகர நகர நாங்களும் கல்லையும் முறத்தையும் தூக்கிக்கொண்டு நகருகிறோம், போன மாசம் இப்படி நகர வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் போன மாசம் இந்தக் களத்தில் ஒரு கோயில் இருந்தது, அதன் நிழல் நகராது.

என் வீட்டுக்காரர் மாதேசனுக்குப் பெங்களூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை. பழைய காலத்துக் கிரேக்க நாட்டில் நடக்கிற கேம் அது, வாளும் ஈட்டியும் வைத்துக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்கிப் போகிற கதை, அதில் ஒரு மலை உச்சியில் வருகிற கோயிலைக் கட்டுவது இவர் பொறுப்பு. கட்டுவது என்றால் கம்ப்யூட்டரில்தான், ஆனால் நிஜமாகக் கட்டுகிற மாதிரியே ஒவ்வொரு கல்லாக வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் விரிசல் கொடுத்து, பாசி கொடுத்து, வெயில் கொடுத்துக் கட்டுவார். பதினாலு மாசம் கட்டினார். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த வாரத்தில் அடித்தளம் போட்டார், பாப்பா பிறந்த அன்று கூரைக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தார், அதற்குப் பிறகு பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆகிற வரைக்கும் எல்லாம் சேர்த்துப் பதினொரு நாள் வீட்டில் இருந்திருப்பார். கேமை வெளியே விட்ட பிறகு ஒரு மாசம் லீவு தருகிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு மாசத்தைத்தான் நான் நாள்காட்டியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் பாப்பா அவரைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்கி அழுதது, யாரோ மீட்டர் பார்க்க வந்த ஆள் தன்னைத் தூக்கிவிட்டது போல அழுதது, அவரும் உடனே என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வார்.

ஊரில் கேட்பார்கள், உன் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் என்ன வேலை என்று. கோயில் கட்டுகிறார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். கொத்தனார் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். திருத்திச் சொல்லக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். அதனால்தான் மாசி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் சுத்தியும் முறமுமாகக் களத்துக்குப் போனபோது அங்கே அந்தக் கோயில் நின்றதைப் பார்த்து யாரும் பெரிதாகத் திகைத்துப்போகவில்லை. மாதேசன் கட்டின கோயில் வந்து சேர்ந்துடுச்சு என்றார்கள். எத்தனை லாரியில் வந்தது, ரோட்டு வளைவில் எப்படித் திரும்பினார்கள், கரண்ட்டுக் கம்பியில் இடிக்கவில்லையா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன், அது உண்மைதான்.

வெள்ளையும் தேன் நிறமும் கலந்த கல். முன்னால் ஆறு தூண், பக்கத்துக்குப் பதின்மூன்று, மூலைத் தூணை இரண்டு தடவை எண்ணாமல் எண்ணினால் முப்பத்து நாலு. மூன்று படி, ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், நம் வீட்டுப் படி மாதிரி ஏறுவதற்காக வைத்தது இல்லை, ஏதோ பெரிய ஆட்கள் ஏறுவதற்கு வைத்தது. உள்ளே நெடிய கதவு ஒன்று மூடியிருந்தது. களம் நாற்பது சென்ட்டுதான், கோயில் அதைவிடப் பெரியது, ஆனாலும் களத்தின் வரப்பு வரப்பாகவே இருந்தது, பக்கத்துச் சோளக்காட்டில் ஒரு தட்டைகூடச் சாயவில்லை. அளந்து எழுத வி.ஏ.ஓ. வந்தார், நீளத்தை மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது, டீ குடித்தார், கடைசியில் தற்காலிகக் கொட்டகை என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்கு அது என் வீட்டுக்காரர் கட்டினதுதான் என்று சந்தேகமே வரவில்லை. அவருக்கு எதையும் முழுசாக மூடத் தெரியாது. டப்பா மூடியை ஒரு சுற்று மிச்சம் வைத்துத்தான் மூடுவார், பீரோ கதவு எப்போதும் ஒரு கோடு திறந்திருக்கும். அந்த நெடிய கதவுக்குக் கீழேயும் நாலு விரல் சந்து விட்டிருந்தார். குனிந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, இருட்டுகூடத் தெரியாது, ஒன்றுமே இல்லை. உள்ளே கட்டச் சொல்லவில்லை, வெளியே மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள் என அவர் எப்போதோ போனில் வருத்தப்பட்டது ஞாபகம் வந்தது. தூண்களிலும் அவர் கை தெரிந்தது. ஒரு தூணைச் செய்து அதையே மற்ற முப்பத்து மூன்றுக்கும் வைத்திருந்தார், எல்லாத் தூணிலும் இடுப்புயரத்தில் பல்லி படுத்திருக்கிற மாதிரி அதே விரிசல், அதே பாசி, அதே உடைசல். ஒரு தாய் பெற்ற பிள்ளைகளா, இல்லை ஒரே பிள்ளையா என்று சாலம்மாக்கா கேட்டாள். சாலம்மாக்காதான் எங்களில் வாய் உள்ளவள், மண்டிக்காரரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடப் போய் எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தோம் என்று தங்களுக்கே தெரியாமல் அழுதபோது, அவள்தான் தன் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நிறத் துணியைக் கட்டிவிட்டாள்.

முதல் நாள் செருப்போடு ஏறலாமா, ஏறக்கூடாதா என்று ஒரு பேச்சு நடந்தது. மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் எலுமிச்சம்பழம் உருட்டினார், கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார், கேட்டுவிட்டு, உள்ளே இன்னும் யாரும் குடி வரவில்லை, பால் காய்ச்சாத வீடு மாதிரிதான் இது, கீழ்ப்படி வரைக்கும் செருப்புப் போகலாம், மேலே வேண்டாம் என்றார். அது எல்லாருக்கும் ஏற்றதாக இருந்தது.

இரண்டாம் நாள்தான் வெயிலைக் கவனித்தோம். காலை ஒன்பது மணிக்குப் படியில் ஏறினால் அங்கே நாலு மணி வெயில். உச்சிவேளையில் ஏறினாலும் நாலு மணி. ஊரெல்லாம் அனல் பறக்கும், படியேறி முதல் தூணைத் தாண்டினால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து வெயில் சரிந்து விழும், தூண்களின் நிழல் நீளமாகக் கிழக்கே படுத்திருக்கும், நீங்கள் எத்தனை மூட்டை தட்டி முடித்தாலும் அது படுத்த இடத்தைவிட்டு அசையாது. சாயங்கால வெளிச்சம்தான் கல்லுக்கு அழகு, அதனால் நாலு மணியை வைத்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் முன்பு சொல்லியிருக்கிறார். அவர் கல்லுக்காக வைத்தது, எங்களுக்கு ஆயிற்று. மாசி வெயிலில் புளி தட்டுகிறவளுக்கு நிழல் என்றால் என்ன என்று புளி தட்டினவளுக்குத்தான் தெரியும், ஒரு சாண் நிழலுக்காகக் கல்லை இழுத்து இழுத்து, பக்கத்தில் இருப்பவளின் தோளை இடித்து, அதற்காகச் சண்டை போட்டு, இரண்டு வருஷம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு தூணின் நிழல் கிடைத்தது, மூன்று நிழல் மிச்சமும் இருந்தது. களம் போயிற்றே என்று முதலில் புலம்பின ராஜவேலு அண்ணனும், மேற்குப் படியில் பழத்தைப் பரப்பிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார், அந்த மெல்லிய வெயிலில் புளி கறுக்காமல் செம்மண் நிறத்திலேயே காய்ந்தது. பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கரண்ட் போன சாயங்காலங்களில் அங்கே வந்தார்கள். வடகம் காய்ந்தது. பேச்சு நின்றுபோயிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள், சண்டைக்கு இருந்த காரணம் போய்விட்டது அல்லவா.

பாப்பா அங்கேதான் தூங்கக் கற்றுக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு மேலே சிமெண்ட் சீட், பகலில் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி இருக்கும், பிறந்ததிலிருந்து பகலில் என் மடியைவிட்டு ஒரு கால் மணி சேர்ந்தாற்போல அது தூங்கினது இல்லை, மடியில் அதையும் முன்னால் கல்லையும் வைத்துத் தட்டித் தட்டி என் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே போயிருந்தது. கோயிலில் இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டித் தூளி போட்டேன். தேன் நிறத்து வெளிச்சம் துணிக்குள் புகுந்து அதன் முகத்தில் விழ, ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கியது. நான் நடுநடுவே எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

சாலம்மாக்காவின் புள்ளிக்கோழியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, கதவோரத்தில் ஒரு கிழிந்த சாக்கைப் பார்த்து உட்கார்ந்தது, எழுப்பினால் கொத்த வந்தது. சரி, உனக்கும் நாலு மணிதான் பிடித்திருக்கிறதாக்கும் என்று சாலம்மாக்கா பதினொரு முட்டையைக் கொண்டுவந்து அடை வைத்தாள்.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அவர் போன் செய்தார். குரல் அவர் குரலாகவே இல்லை. கேமை வெளியே விடுகிற நேரம் நெருங்கிவிட்டது, ஊர், கடல், கப்பல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள், கோயிலை எடுக்கப் போனால் வரவில்லை, மலை உச்சி மொட்டையாக நிற்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றார். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும், ஒரு வருஷம் ஆகும், லீவு கிடையாது என்றார். ஒரு வருஷம் என்று அவர் சொன்னபோது நான் தூளியைத்தான் பார்த்தேன். ஒரு வருஷத்தில் அது நடந்துவிடும், பேசிவிடும், அப்பா எங்கே என்றால் போனைக் காட்டும்.

"மாமா," என்றேன். "அது இங்க இருக்குது. புளிக்களத்துல."

மெதுவாகக் கேட்டார்.

"படி கோணலா தெரியுதா?"

"இல்ல. நேராத்தான் இருக்குது."

"வெயில் எப்பிடி விழுது, பவளா?"

சொன்னேன். தூளியில் எப்படி விழுகிறது என்று சொன்னேன். பாப்பா தூங்குகிறதைச் சொன்னேன். முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு நிழலில் உட்கார்ந்திருக்கிறதைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார். தன் கம்ப்யூட்டரில் கோயில் காணோம் என்று காட்டவில்லை, வேறு ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் விட்டால்தான் திறக்க முடியும் என்று காட்டுகிறது, நாற்பத்து மூன்று பேர் என்று எண்ணிக்கைகூடப் போடுகிறது, ஆபீஸில் இருப்பதே இருபது பேர், ஒவ்வொருத்தரிடமும் போய்க் கேட்டேன், எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள் என்றார். நான் இருந்த இடத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். என்னோடு முப்பத்தொரு பெண்கள், பாப்பா, விளையாடுகிற பிள்ளைகள் பத்து, புள்ளிக்கோழி. சரியாக நாற்பத்து மூன்று.

"உக்கார நல்லா இருக்குதா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குது."

"அப்ப இருக்கட்டும் விடு. எழுப்பாத. நான் வேற கட்டிக்கறேன்."

போனை வைத்துவிட்டார். எழுப்பு என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுப்பாதே என்று சொன்னதால்தான் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் கொட்டையை உடைத்து உடைத்துப் பழத்தைக் கெடுத்தேன். இத்தனை பேரிடமும் எழுந்திருங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? ரேஷன் கடை வரிசையில் யாராவது என்னைத் தாண்டிப் போனால்கூட அக்கா என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல் பின்னால் நிற்கிறவள் நான். அதோடு எனக்கே அதை விட மனசில்லை, அதையும் சொல்ல வேண்டும், பாப்பா தூங்கியது, என் தோள்பட்டை நேராகிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை காலை, கீழ்ப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். முப்பது சுத்திச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு சாலம்மாக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, இந்தக் கோயில் இங்கருந்து போனாத்தான் என் வீட்டுக்காரரு வருவாரு."

அவள் சுத்தி நின்றது. பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள், அவள் சுத்தியும் நின்றது, அப்படியே தூண் தூணாக நின்றுகொண்டே போய், கடைசியில் களத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது எரிந்தது. எண்ணிக்கையைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், ஒரு வருஷத்தைச் சொன்னேன். யாரோ ஒருத்தி, வெள்ளைக்காரன் விளையாடுவதற்கு நம் நிழலைக் கொடுப்பதா என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி, இன்னும் ஒரு மாசத்துப் புளி இருக்கிறது, மறுபடி அந்தச் சாண் நிழலுக்கா போகணும் என்றாள், அவள் சொன்னதில் தப்பில்லை. சாலம்மாக்கா பாப்பாவின் தூளியை ஒரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இருவத்து மூணு நாளா அவன் வர்ற வழியில எங்கள உக்கார வச்சிருக்கியேம்மே," என்றாள். "மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எழுந்து போய்விடலாம் என்று ஆன பிறகு, எப்படி அனுப்புவது என்றுதான் பேச்சு நீண்டது. அம்மா வீட்டுக்கு வந்து தங்கின பெண்ணைச் சும்மா அனுப்புவோமா, இதுவும் இருபது நாளுக்கு மேல் நம்மோடு இருந்து, நம் பிள்ளையைத் தூங்க வைத்து, நம் புளியைக் காயவைத்துக் கொடுத்திருக்கிறது, வெறுங்கையோடு மலையில் போய் நிற்கட்டும் என்றா விடுவது என்று கேட்டாள் சாலம்மாக்கா. போய்ச் சேருகிற இடத்தில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வியாழக்கிழமை யாரும் புளி தட்டவில்லை. முப்பத்து நாலு தூணையும் துடைத்தார்கள், துணி கட்டியதை மட்டும் அவிழ்க்கவில்லை, அங்கே உள்ள பிள்ளைகளும்தானே தொலைந்து போகும் என்றார்கள். படிகளைக் கழுவி, மஞ்சள் தெளித்து, மூன்று படிக்கும் கோலம் போட்டார்கள். ஒரு தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ஒரு ரவிக்கைத் துணி வைத்தார்கள். ராஜவேலு அண்ணன் நார் இல்லாத பூப்புளியாகப் பார்த்து ஒரு கூடை கொடுத்தார்.

பிறகு ஒவ்வொருத்தராக இறங்கினோம். நான் போனைக் காதில் வைத்திருந்தேன், அவர் அங்கே எண்ணிக்கையைப் படித்தார். முப்பது, இருபத்தாறு, பத்தொன்பது. பிள்ளைகள் இறங்குவதும் ஏறுவதுமாக அவரைக் குழப்பின, சாலம்மாக்கா அதட்டினாள், ஒன்பது, நாலு, மூன்று. பாப்பாவைத் தூளியோடு தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன். ஒன்று என்றார். எல்லாரும் கீழே நின்றோம். மறுபடி பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஒன்றுதான், இன்னும் ஒருத்தர் இருக்கிறார் என்றார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கதவோரத்துச் சாக்கில் புள்ளிக்கோழி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிழலை விட்டுக்கொடுத்த சாலம்மாக்கா கோழியை விட்டுக்கொடுக்கவில்லை. நாளைக்கு இருபத்தோராம் நாள், உள்ளே குஞ்சு ஓட்டைத் தட்ட ஆரம்பித்திருக்கும், இந்த நேரத்தில் தாயை எழுப்புவது எந்த ஊரில் உண்டு என்றாள். ஒருத்திகூட அவளை எதிர்த்துப் பேசவில்லை. பேறுகாலத்தில் என்னை யாராவது எழுந்திரு என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது அல்லவா, பொரிக்கட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஊரே கீழ்ப்படிக்கு வெளியே வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது. யாரும் ஏறவில்லை, ஏறினால் எண்ணிக்கை குழம்பிவிடும். பெங்களூரில் அவர் பின்னால் மானேஜர் வந்து நின்றுவிட்டாராம். பத்தரை மணிக்கு, "ரெண்டு ஆயிடுச்சு, பவளா," என்றார். யார் உள்ளே போனது என்று மானேஜர் கத்துவது போனில் கேட்டது. பிறகு மூன்று. பிறகு ஐந்து. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கோழியின் சிறகு மட்டும் இங்கேயும் அங்கேயும் உப்பி உப்பி அடங்கியது, அவர்தான் அங்கிருந்து எங்களுக்குப் பிரசவச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. அவர் குரலில் முதலில் இருந்த பயம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது. பாப்பா பிறந்த அன்று அவர் பஸ் கிடைத்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது, வெறும் போனைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றிருக்கிறார். பதினொன்று என்று அவர் சொன்னபோது அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அதற்குமேல் ஏறவில்லை. தாயோடு சேர்த்துப் பதினொன்று என்றால் குஞ்சு பத்து. பன்னிரண்டரை மணி வரைக்கும் பார்த்துவிட்டு, ஒன்று கூமுட்டை என்று சாலம்மாக்கா மேலே ஏறினாள். குஞ்சுகளை முறத்தில் அள்ளி, தாயைக் கக்கத்தில் இடுக்கும்போது அந்த முட்டை உருண்டது, பளிங்குத் தரையில் மெல்ல மெல்ல உருண்டு போய்க் கதவுக்குக் கீழே அந்த நாலு விரல் சந்தில் நுழைந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. போகட்டும், சீரோடு சீராக அதுவும் போகட்டும் என்று இறங்கிவந்தாள். அவள் பின்காலைக் கீழ்ப்படியிலிருந்து எடுத்தாள், அவ்வளவுதான், நாலு மணி போய்விட்டது, உச்சி வெயில் களத்தில் அப்படியே வந்து விழுந்தது, ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம். களம் களமாக இருந்தது. "வந்துடுச்சு," என்றார் போனில்.

கேம் வெளியே வந்தது. தொட்டால் கையில் மஞ்சள் ஒட்டுகிற மாதிரி இருக்கிற படியும், புளிக்கூடையும், தூணில் கட்டின சேலைத் துணியும் அந்த நாட்டில் அந்தக் காலத்தில் இருந்திருக்காது என்று சரிபார்க்கிறவர் சொல்ல, இவர் எல்லாவற்றையும் அழித்தாராம், மறுநாள் காலையில் எல்லாம் வைத்த இடத்தில் இருந்ததாம், கோலம் மட்டும் புதுசாகப் போட்டிருந்ததாம், அப்படியே விட்டுவிட்டார்கள். வாளும் ஈட்டியுமாக மலையேறி வருகிறவர்கள் அந்தப் படிக்கு வந்ததும் சண்டையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்கள், ஏன் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். மூடின கதவுக்குள்ளிருந்து ஒரு கோழிக்குஞ்சு கத்துகிறது, அதை யார் வைத்தது என்று உலகம் முழுக்க எழுதிக் கேட்கிறார்களாம்.

சொன்ன லீவைக் கொடுத்துவிட்டார்கள். வந்த மறுநாளே மூங்கில் நட்டு இந்தப் பச்சை வலையைக் கட்டிக்கொடுத்தார். நிழல் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, நகராத நிழல் போட்டுக் கொடுத்த ஆள்தானே, இதை மட்டும் ஏன்பா இப்படி ஓடவிடுற என்று சாலம்மாக்கா அவரைக் கேட்காத நாளில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். ஆனால் பாப்பா மட்டும் இந்தப் பதினெட்டு நாளும் அவரிடம் போகவில்லை. பக்கத்தில் வந்தால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது, தூக்கினால் அழுதது. அவர் ஊருக்கே தூங்க இடம் கட்டினவர், அதன் தூளியை ஆட்டக்கூட அது அவரை விடவில்லை. கட்டாயப்படுத்தாதே என்று சொல்லிவிட்டு, தினமும் அதன் கண்ணில் படுகிற தூரத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்.

புள்ளிக்கோழிக்கு மட்டும் மறக்கவில்லை. பத்துக் குஞ்சையும் இழுத்துக்கொண்டு தினமும் நாலு மணிக்குக் களத்தில் கதவு இருந்த இடத்துக்கு வந்து நின்று கூப்பிடும். அவர் போனில் அந்தக் கேமைத் திறந்து, மலையேறி, படியேறி, கதவோரம் போய், போனைத் தரையில் வைப்பார். உள்ளேயிருந்து குஞ்சு கத்தும், வெளியேயிருந்து தாய் கூப்பிடும், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அது போய்விடும். நாங்களும் சுத்தியை நிறுத்திவிட்டுக் கேட்போம். இன்றைக்கும் வைத்தார். அழுதுகொண்டிருந்த பாப்பாவை என் கை புளியாக இருக்கிறதே என்று அவரிடம் கொடுத்தேன், கத்தக் கத்தத் தோளில் போட்டுக்கொண்டு வலைக்குக் கீழே நடந்தார். போனில் அந்த வெளிச்சம் சரிந்து கிடந்தது, கதவுக்குள்ளிருந்து இன்றைக்குக் குஞ்சுச் சத்தம் வரவில்லை, முதல் முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டுமே, அந்தச் சத்தம் வந்தது, புள்ளிக்கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது, நான் சுத்தியை வைத்துவிட்டுக் குனிந்து போனைப் பார்த்தேன், அந்த நாலு விரல் சந்தில் இதுநாள் வரைக்கும் ஒன்றுமே இல்லாமல் இருந்த இடத்தில், இப்போது ஒரு தரை தெரிகிறது, தரையில் நாலு மணி வெயில் விழுந்திருக்கிறது, அதற்கு அப்பால்…

"பவளா, சத்தம் போடாம வா, பாயைப் போடு," என்று அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கூப்பிடுகிறார், திரும்பிப் பார்க்கிறேன், முப்பது சுத்தியும் நின்றிருக்கிறது, சாலம்மாக்கா வாயில் விரலை வைத்துக்கொண்டிருக்கிறாள், அவர் தோளில் பாப்பா வாயைத் திறந்தபடி தூங்குகிறது.